காலணிக்குள் ஒரு நட்சத்திரம்

மதாம் "சரி, வரேன்" என்று சொன்னதும் வீடே நின்றுபோனது; போன வாரம் கதையை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். நிஜமாகவே நின்றுபோனது. சுவர்க்கடிகாரம் ஒரு நொடி யோசித்தது. குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பாதி வழியில் தொங்கியது. "எனக்குத் தைக்க வேலை கிடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பதைத் தவிர வேறு பதில் அறியாத ஒரு பெண், தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு ஐரோப்பாவுக்கு வருகிறேன் என்றால் பின்னே என்ன ஆகும்.

முசியே என்பது அவள் கணவருக்கு வீடு வைத்த பெயர்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்த மனிதர், ஓய்வு பெற்றதும் பக்கவாட்டில் போக ஆசைப்பட்டார். பக்கவாட்டில் அவர் கண்ணுக்கு முதலில் தட்டுப்பட்ட ஊர் பாரிஸ். அதோடு உலகம் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டார். பல் துலக்குவதற்கு முன்பே "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வார். கொசுவை அடிப்பதென்றாலும் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். அவர் முசியே ஆனதால், யாரும் சம்மதம் கேட்காமலே, மனைவி மதாம் ஆகிவிட்டாள்.

பயணக்குழுவோடு சேர்ந்து ஐரோப்பாவைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தவர் அவர். எந்த ஊரில் எந்தக் கோபுரம் என்று கேட்டால் திணறுவார். எந்தத் தெரு முனையில் எந்த இனிப்புக்கடை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போவார். ஆனால் எங்கே போனாலும் அவர் ஒரு இனிப்பை முழுதாகத் தின்றதில்லை. கடையிலேயே இரண்டாக வெட்டச் சொல்வார். ஒரு பாதி அங்கேயே வாய்க்குள் போகும். மறுபாதி காகிதத்தில் சுற்றப்பட்டு மதாமுக்காகப் பெட்டிக்குள் போகும். அரை எக்லேர், அரை மக்கரோன், அரை ஆப்பிள் டார்ட் என்று பாதிகளாகவே விமானமேறி வரும். வந்து சேர்வதற்குள் அவை வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் பக்குவத்தை அடைந்திருக்கும்.

மதாம் அவற்றை டீயில் முக்கித் தின்பாள். எப்படி இருக்கு என்று கேட்டால், "பல்லுக்கு நல்ல வேலை" என்பாள். ஒரு துணுக்கு மிச்சம் வைத்ததில்லை.

அந்தப் பாதிகளைப் பார்த்துத்தான் மகள் இனிப்புக்கடை வைத்தாள். அவள் செய்த முதல் எக்லேரைக் கடித்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரைத் தேடினார். அவள் மேல் தப்பில்லை. வீட்டில் அவள் பார்த்த எக்லேர் எல்லாம் அப்படித்தானே இருந்தது.

இப்போது அந்தக் கடையில் மதிய நேரத்தில் வரிசை நிற்கிறது. மதாமுக்கு மகள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஆனாலும் முசியே தின்ற அதே தெருவில், அவர் பக்கத்தில் நின்று, காயாத பாதியைத் தின்ன வேண்டும் என்று ஒரு ஆசை உள்ளே கிடந்தது. அதைத்தான் போன வாரம் வாய்விட்டுச் சொன்னாள்.

விமானம் ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன்.

காலையில் மகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எக்லேரோடு வந்தபோது, மதாம் கட்டில் மேல் பெரிய பெட்டியைத் திறந்துவைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். துணி மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. விட்டால் ஒரு அலமாரியையே மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

"நட்சத்திர நாசில் கிடைச்சுதா?" என்று மகளைக் கேட்டாள்.

"எங்கே கிடைக்குது. செவ்வாய்க்கிழமைலேர்ந்து தேடுறேன். மாவு டப்பா எல்லாத்தையும் கொட்டிப் பார்த்தாச்சு. அது இல்லாம கிரீம் பிழிஞ்சா எல்லாம் புழு மாதிரி வருது. உங்க மாப்பிள்ளை முழுங்கியிருப்பாரோன்னு சந்தேகமா இருக்கு."

"கிரீம் இல்லாம அவர் எதையும் முழுங்கமாட்டாரே."

மகள் சிரித்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அப்பா எங்கே?"

"சாக்ஸ் துவைக்கிறார்."

"யாரு?"

"உங்கப்பாதான். ரெண்டு நாளா அவர் சாக்ஸை அவரே துவைக்கிறார். நான் வாங்கப் போனாக்கூடக் குடுக்கமாட்டேங்கிறார். கேட்டா, அங்கெல்லாம் ஆம்பளைங்க அப்படித்தானாம்."

"இத்தனை வருஷம் போயிட்டு வந்ததுக்கு இப்பத்தான் பலன் தெரியுது."

"இது மட்டுமா. இந்த வீட்டுத் தரையப் பத்தி உனக்குத் தெரியும்."

தெரியாமல் என்ன. தையல்காரி வீட்டுத் தரை அது. எவ்வளவு பெருக்கினாலும் ஒரு குண்டூசி தப்பித்துக் கிடக்கும். அது முசியே காலில்தான் ஏறும். ஏறினால் அவர் போடும் சத்தத்தில் தெருக்கோடி நாய் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். எதிர்வீட்டில் அடுப்பில் இருக்கும் பால் தானாகப் பொங்கும். அன்று முழுக்க மதாமின் தொழில், அவள் கவனக்குறைவு, அவளைக் கட்டிக்கொண்ட நாள் எல்லாவற்றுக்கும் அர்ச்சனை நடக்கும்.

"இப்ப சில மாசமா மூச்சு விடறதில்ல," என்றாள் மதாம். குரலில் பெருமை கசிந்தது. "போன மாசம் ஒரு நாள் குண்டூசி அவர் காலில குத்தி அப்படியே நிக்குது. நான்தான் பார்த்துப் பிடுங்கினேன். 'மெர்சி'ன்னுட்டு பேப்பரைப் புரட்டறார். ஒரு வார்த்தை திட்டல. மனுஷன் எவ்வளவு பக்குவமாயிட்டார் பாரு."

இப்படிச் சொல்லிக்கொண்டே முசியேயின் தோல் ஷூவைக் கையில் எடுத்தாள். பயணத்துக்கென்று பளபளவென்று வைத்திருக்கும் ஜோடி. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றிச் சுற்றி ஒத்திகை நடப்பார். அங்கே போய் நடக்கக் கால் பழக வேண்டுமாம். நேற்று சாயங்காலத்தோடு ஒத்திகை முடிந்து ஷூ பெட்டிக்கு வந்துவிட்டது. ஷூவுக்குள் இருக்கும் இடம் வீணாகக் கூடாது என்று மதாம் சாக்ஸைச் சுருட்டி உள்ளே திணிப்பாள். அப்படித் திணித்தபோது கை நின்றது.

உள்ளே எதையோ தொட்டாள். வெளியே எடுத்தாள்.

விரல் நுனி அளவு தகரக் கூம்பு. வாயில் நட்சத்திரம் மாதிரி பற்கள்.

"உன்னோடதுதானே," என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. "அட. செவ்வாய்க்கிழமை அப்பா கடைக்கு வந்தார்ல. சமையல் ரூம் வாசல்ல ஷூவைக் கழட்டச் சொன்னேன். மேல தட்டுல நாசில் எல்லாம் காயப் போட்டிருந்தேன். அவர் தோள்பை இடிச்சு தட்டு சரிஞ்சுது. எல்லாத்தையும் பொறுக்கினோம், இது மட்டும்..."

அவள் பார்வை அம்மா கையில் இருந்த ஷூவுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை விழுந்தது. அதற்கப்புறம் இதே ஷூவைப் போட்டுக்கொண்டுதான் முசியே கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தார். நேற்று ஒத்திகை நடந்தார். திரும்பி வந்து, "கால் தயார், மதாம்" என்று கதவருகே நின்று ஒரு சல்யூட்டும் வைத்தார்.

மதாம் நாசிலின் பற்களைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டாள். தொட்ட உடனே கையை இழுத்துக்கொண்டாள். ஊசியோடு வாழ்ந்த விரல் அது. அதற்கே குத்தியது.

பிறகு ஷூவை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளே அடித்தோலில் காய்ந்த பழுப்புக் கறை.

மெஷின் பக்கத்தில் குண்டூசி செருகும் சிவப்புப் பஞ்சுத் திண்டு இருந்தது. மதாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்குவம் இல்லடி," என்றாள் மெதுவாக. "அவருக்குத் தெரியவேயில்ல. நான்தான் பக்குவம்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்."

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. முசியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து வாளிக்குள் சாக்ஸை அலசிக்கொண்டிருந்தார். ஒரு பிரெஞ்சு மெட்டு மூக்கால் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் இருந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மதாம் கையில் இருந்ததைப் பார்த்தார். மெட்டு நின்றது.

"காலைக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல. சின்னச் சிராய்ப்பு."

"காட்டுங்கன்னேன்."

அவர் வலது காலைத் தூக்கி அவள் மடி உயரத்துக்கு நீட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு கைக்குட்டைத் துண்டை மடித்துக் கட்டியிருந்தார். மதாம் அவிழ்த்தாள். பின்னால் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோல் கறுத்து, நடுவில் ஆழமாகத் திறந்திருந்தது. நட்சத்திரத்தின் பற்கள் வட்டமாகப் பதிந்த அச்சு ஓரத்தில் இன்னும் தெரிந்தது.

"எப்பப் பார்த்தீங்க?"

"சாக்ஸ் ஒட்டிக்கிட்டப்போ. முந்தா நாள்."

"அப்புறமும் நேத்து நடந்தீங்க."

"நடக்க முடிஞ்சுதே."

"வலிக்கலையா உங்களுக்கு?"

முசியே அவிழ்ந்த கைக்குட்டைத் துண்டை எடுத்து மடித்தார். "வலிச்சிருந்தா சொல்லியிருக்கமாட்டேனா. இந்த வீட்டுல ஒரு குண்டூசிக்கு என்ன கூத்து அடிச்சிருக்கேன்."

"அப்பா, உங்களுக்குச் சுகர். எத்தனை தடவை சொல்லியிருப்பாங்க, கால்ல எதாவதுன்னா உடனே..."

"தெரியும்மா." அவர் மகளைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். "உங்கம்மா போன வாரம்தான் சரின்னு சொன்னா. வாழ்க்கையில ஒரே ஒரு சரி. அதைக் கேட்டதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பேன். போயிட்டு வந்து காட்டிக்கலாம்னு இருந்தேன்."

மதாம் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

கால் பார்க்கும் டாக்டர் அதிகம் பேசாத பெண். நடுவயது. காயத்தைக் கழுவினார், வெட்டினார், ஒரு மெல்லிய கம்பியால் ஆழம் பார்த்தார். முசியே சுவரில் இருந்த மலைப் படத்தைப் பார்த்து, "இது ஆல்ப்ஸ்தானே, டாக்டர்" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சதையை வெட்டும்போது ஒரு மனிதர் மலை விசாரிக்கிறார்; மதாம் படத்தைப் பார்க்காமல் கத்தியையே பார்த்தாள்.

"கண்ணை மூடிக்குங்க," என்றார் டாக்டர். பேனா போன்ற ஒன்றின் நுனியில் விறைப்பான நைலான் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. "நூல் படறப்ப சொல்லுங்க."

முசியே கண்ணை மூடினார். டாக்டர் காயமில்லாத இடது பாதத்திலிருந்து ஆரம்பித்தார். குதிகாலில் நூலை வைத்தார்.

"வீ," என்றார் முசியே. ஆமாம் என்பதைக்கூட அவர் அந்த மொழியில்தான் சொல்வார்.

பாதத்தின் நடுவில் வைத்தார். பதில் இல்லை. எடுத்துவிட்டார். எடுத்த பிறகு, "வீ."

விரல்களுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தொட்டார். மௌனம். டாக்டர் மதாமை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நூலைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

"வீ," என்றார் முசியே. கொஞ்சம் விட்டு, "வீ." இன்னும் கொஞ்சம் விட்டு, நல்ல மாணவனைப் போல, "வீ."

அறையில் யாரும் அவரைத் தொடவில்லை.

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். மதாம் போகவில்லை. இறுக மூடிய அந்தக் கண்களையும், சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று சுருங்கியிருந்த அந்த நெற்றியையும் பார்த்தபடியே நின்றாள். லிஃப்ட் கயிற்றில் கை வைத்துப் பார்த்தே எந்த மாடியில் கோளாறு என்று சொன்ன ஆள் அவர்.

"போதும்," என்றார் டாக்டர். "கண்ணைத் திறங்க."

"பாஸா?"

டாக்டர் நாற்காலியை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு கால்லயும் உணர்ச்சி நிறையப் போயிருக்கு. இது இன்னைக்கு வந்ததில்ல. காயம் ஆழம். எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பெரிய டாக்டர் பார்க்கணும். நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும். போகலைன்னா மருந்து, ஓய்வு, நாள் ஆகும். போயிருந்தா விரலை எடுக்க வேண்டி வரலாம். அதோட நிக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு விமானம்," என்றார் முசியே.

"உங்களுக்கு இல்ல. இந்தக் காலைத் தரையில வைக்கவே கூடாது."

"ஓரமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துட்டு..."

"நீங்க கால் போறதைப் பத்திப் பேசறீங்களா, ஊர் போறதைப் பத்திப் பேசறீங்களா?"

முசியே கிளம்பும்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து திரும்பி, தணிந்த குரலில் கேட்டார். "பாதி இனிப்பு சாப்பிடலாமா?"

"கால் பாதிகூடக் கிடையாது," என்றார் டாக்டர்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். "உங்களை ரெண்டா வெட்டிக் கொண்டுவந்திருக்கலாம் மாமா, கனம் பாதியாயிருக்கும்," என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், கடையைப் பார்க்க வேண்டும் என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கட்டிலின் ஒரு பக்கம் முசியே. மறுபக்கம் இன்னும் மூடாத பெட்டி. ஷூ எடுக்கப்பட்ட இடத்தில் இரண்டு பள்ளங்கள் அப்படியே இருந்தன.

"நீ போ," என்றார்.

மதாம் தையல் மெஷினின் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"குழுவுல எல்லாரும் நல்லவங்க. கைப்பிடிச்சு கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டாவது நாள் ஆத்தோரமா ஒரு கடை வரும், பச்சைக் கதவு. அங்கே..."

"நீங்க ஆஸ்பத்திரியில கிடப்பீங்க, நான் பச்சைக் கதவைத் தட்டிட்டு நிக்கணுமா?"

"ரெண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்தா என் கால் வளரவா போகுது? உனக்காகத்தான் இதை மறைச்சேன். நீ போகலைன்னா நான் மறைச்சதும் வீணாப் போயிடும்."

"மறைச்சதுக்கு மெடல் குத்தணுமா உங்களுக்கு? குத்தினாலும் தெரியாது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. முசியே சிரிக்க முயன்றார். உதடு வரைக்கும் வந்தது, மேலே ஏறவில்லை.

மதாம் மெஷினை விட்டு எழுந்தாள். மகள் வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு எக்லேரை எடுத்தாள். பழக்கதோஷத்தில் கத்தி இரண்டாக வெட்டியது. ஒரு பாதியை நின்றபடியே தின்றாள். மறுபாதியைத் தட்டில் வைத்து எடுத்துவந்தவள், பாதி வழியில் நின்றாள். கொடுக்க ஆள் இல்லை.

தட்டைப் பெட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள். கட்டுப் போடாத இடது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இவ்வளவு வருஷத்தில் இந்தப் பாதத்திலிருந்து அவள் எத்தனையோ குண்டூசி பிடுங்கியிருக்கிறாள். பிடுங்கியதோடு சரி. நடுப்பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"தெரியுதா?"

அவர் அவள் கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. 'வீ' என்று சொல்வதற்கு வாய் குவிந்தது. அவளுக்கு அது தெரிந்தது. காத்திருந்தாள்.

"இல்ல," என்றார் முசியே. "தெரியல."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. குண்டூசிக்குக் கத்தியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. மதாம் கையை எடுக்கவில்லை. தெரியாவிட்டாலும் அங்கேயே வைத்திருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் சொன்னாள். "போறேனா இல்லையான்னு நாளைக்கு அந்த டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பெட்டியை மூடமாட்டேன். ஆனா ஒண்ணு. போனா, உங்களை மாதிரி பாதியைக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வரமாட்டேன்."

"பின்னே?"

"பச்சைக் கதவுக் கடையிலயே சொல்லி வெச்சுட்டு வருவேன். மறுபாதிக்கு ஆள் வருவார்னு."

முசியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"அதனாலதான் நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கணும்," என்றாள் மதாம். "நடந்து போய்."

தட்டில் இருந்த பாதி எக்லேரை அன்றைக்கு யாரும் தொடவில்லை. காலையில் டாக்டரிடம் கிளம்பும்போது அது அதே இடத்தில் இருந்தது, திறந்த பெட்டிக்குப் பக்கத்தில், மேலே கொஞ்சம் காய்ந்து.